மூன்றாவது பல்

நீலமேடு எஸ்டேட்,
மறையூர் வழி.
21-11-1955

ஞானத்துக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். கல்பாத்தித் தேருக்கு ஏன் வரவில்லை என்று உன் அண்ணா வெங்கிடேஸ்வரன் ஒரு கார்டு போட்டிருந்தார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன். தேரன்று நான் உடுமலைப்பேட்டையில் ஒரு பல் பிடுங்குகிறவன் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இடது பக்கம், மேல் வரிசை. ஆவணியில் ஒன்று பிடுங்கியாயிற்று, அதுவும் இடது மேல்தான். இரண்டு பல் போயிற்று. வலி போகவில்லை.

போன மார்கழியில் ஆரம்பித்தது. சூடு ஆகாது, குளிர் ஆகாது. சில நாள் காற்றுக்கூட ஆகாது. காதுக்கும் கண்ணுக்கும் ஓடுகிறது. எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. நம் கம்பவுண்டர் செபாஸ்டின் ஈறு கெட்டிருக்கிறது என்று ஏதோ மருந்து தடவுகிறார். உடுமலைப்பேட்டைக்காரன் மார்கழி பிறந்ததும் மூன்றாவதையும் எடுத்துவிடலாம் என்கிறான். எடுத்துக்கொள்ளட்டும் என்று இருக்கிறது. அவ்வளவு அலுத்துவிட்டது.

தை மாதம் கொச்சியிலிருந்து தரகர் வருகிறார். துரையோடு உட்கார்ந்து இந்த வருஷத் தேயிலையை ருசி பார்ப்பார். அதைப் பக்குவம் செய்த டீ மேக்கர் என்ற முறையில் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பைக்கும் தரம் சொல்ல வேண்டும். ஒரு மாதமாக நான் வாயிலேயே விடவில்லை. மூக்கால் முகர்ந்து, நிறத்தைப் பார்த்து, குத்துமதிப்பாக எழுதி வருகிறேன். அன்று அது நடக்காது. பிடிபட்டால் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். டீ மேக்கர் வீடும் கையை விட்டுப் போகும். அதற்குப் பிறகு நீ திரும்பி வர நினைத்தாலும் வருவதற்கு இடமிருக்காது.

அங்கே வைத்தியரிடம் நல்ல கிராம்புத் தைலம் கிடைத்தால் அனுப்பு. அண்ணாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

முத்துசுவாமி

*

கல்பாத்தி
28-11-1955

உங்களுக்கு ஞானத்தின் நமஸ்காரம்.

தைலம் தனிப் பொட்டலமாக வருகிறது. பஞ்சில் தொட்டு வைக்கவும், விழுங்க வேண்டாம். அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருப்பது?

வலி வந்த பிறகு ஏழு மாதம் உங்களோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். ரசம் கொதிக்கிறது என்று தள்ளினீர்கள். ஆற வைத்தேன். மோர் சில்லென்று இருக்கிறது என்று பாதியில் எழுந்து போனீர்கள். ஒரு வேளைக்கு இரண்டு தரம் சமைத்த நாட்கள் உண்டு. ஆடி வெள்ளியன்று தட்டைச் சாதத்தோடு முற்றத்தில் கவிழ்த்தீர்கள். என்னைக் கண்டாலே உங்களுக்கு அருவருப்பாகிவிட்டது என்று நினைத்துத்தான் பெட்டியைக் கட்டினேன். கம்பவுண்டருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நமக்கு ஒரு குழந்தை இருந்திருந்தால் அதாவது வந்து சொல்லியிருக்கும்.

கோபம் இருக்கிறது. ஆனாலும் கோபத்தை வைத்துக்கொண்டு மூன்றாவது பல்லையும் பறிகொடுக்க முடியாது. சுல்தான்பேட்டையில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், மெட்ராஸில் படித்தவர். அவரைப் பார்க்கப் புறப்பட்டேன். மன்னி, "அவருக்குப் பல்வலின்னா நீ என்னத்துக்காக்கும் டாக்டராண்ட போறது? நேக்கு மனசிலாகலை" என்றாள். அண்ணா மட்டும் ஒன்றும் கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு கூட வந்தான்.

டாக்டர் என் வாயைத் திறக்கச் சொன்னார். வலி எனக்கில்லை என்றேன். "நோவுள்ள ஆள் எவிடெ?" என்றார். மலையில் என்றேன். சிரித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். பிறகு அவர் கேட்ட ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. சூடு பட்டால் வலி உடனே போகிறதா, நின்று வலிக்கிறதா? மெல்லும்போது பல்லை அழுத்தினால் வலிக்கிறதா, அழுத்தியதை விட்டால் வலிக்கிறதா? எந்தப் பக்கம் மெல்லுகிறார்? பத்து வருஷம் உங்களுக்குச் சமைத்துப் போட்டவள், எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள் என்று கேட்டதற்கு விழித்தேன். அவமானமாக இருந்தது.

இவற்றுக்கெல்லாம் பதில் எழுதுங்கள். அதுவரை உடுமலைப்பேட்டைக்குப் போகாதீர்கள்.

ஞானம்

*

நீலமேடு
5-12-1955

ஞானத்துக்கு,

தைலம் கிடைத்தது. அரை மணி தாங்குகிறது.

சூடு பட்டால் சுள்ளென்று பிடித்து, ஒரு கோப்பைத் தேநீர் ஆறுகிற நேரம் அங்கேயே நிற்கிறது. குளிர் பட்டாலும் அப்படித்தான், கொஞ்சம் சீக்கிரம் விடும். இப்போது வலது பக்கம்தான் மெல்லுகிறேன். முன்பு எந்தப் பக்கம் என்று எனக்கே ஞாபகமில்லை, நீ வெட்கப்பட வேண்டாம்.

அழுத்தும்போதா விடும்போதா என்ற கேள்வி பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. வலிக்கிறவனை வைத்து விளையாடுகிறார் என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள் யாரும் இல்லாதபோது ஒரு மரக்குச்சியில் துணி சுற்றி இடது பக்கம் வைத்து மெதுவாகக் கடித்தேன். ஒன்றுமில்லை. விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். விடும்போதுதான், ஞானம்.

உன் கோபத்துக்கு என்ன எழுதுவது? உன்னிடம் சொன்னால் நீ அண்ணாவுக்கு எழுதுவாய், அவர் பெரிய மனுஷர், துரைக்கு எழுதி லீவு கேட்பார், எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். அருவருப்பு இல்லை. தட்டைக் கவிழ்த்தது தப்பு. தப்பு என்று சொல்லக்கூட அன்று வாயைத் திறக்க முடியவில்லை.

இங்கே உறைபனி ஆரம்பித்துவிட்டது. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது.

முத்துசுவாமி

*

கல்பாத்தி
12-12-1955

உங்களுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை டாக்டரிடம் வாசித்தேன். "விடும்போதுதான்" என்ற இடத்தில் அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது ஈறு இல்லையாம், சொத்தையும் இல்லையாம். ஏதோ ஒரு பல் கண்ணுக்குத் தெரியாமல் கீறியிருக்கிறது. அழுத்தும்போது கீறல் மூடிக்கொள்கிறது, விடும்போது திறக்கிறது. சூடு பட்டு அவ்வளவு நேரம் நிற்பதால் உள்ளே நரம்பு வரை போயிருக்கும் என்கிறார்.

இன்னொன்றும் சொன்னார். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு நாள் வைத்திருந்தேன். கீழ்ப் பல் கெட்டிருந்தாலும் மேலே வலிக்கிற மாதிரி தோன்றுமாம். அப்படியானால் போன இரண்டும் நல்ல பற்களாக இருக்கலாம்.

சும்மா இருக்கிற பல் எதனால் கீறும் என்று கேட்டேன். கல்லைக் கடித்தாரா, பாக்கு உடைப்பாரா, பல்லால் ஆணி பிடுங்குவாரா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் வெற்றிலைகூடப் போடுவதில்லை என்றேன். "அப்ப காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அவர் வாய் என்ன வேலை செய்யறதுன்னு எழுதச் சொல்லுங்கோ. ஒண்ணும் விடக்கூடாது" என்று நம் தமிழிலேயே சொன்னார். நீங்கள் தேநீர் ருசி பார்ப்பவர் என்று சொன்னேன். எப்படிப் பார்ப்பார் என்றார். நம் வீட்டுப் பெண்கள் பேக்டரிப் பக்கம் வரக்கூடாது என்று என்னை ஒரு நாளும் உள்ளே விட்டதில்லையே.

எழுதுங்கள். சின்ன விஷயம் என்று எதையும் தள்ளாதீர்கள்.

ஞானம்

*

நீலமேடு
17-12-1955

ஞானத்துக்கு,

இரண்டும் நல்ல பற்களாக இருக்கலாம் என்றதைப் படித்துவிட்டு அன்று பேக்டரிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். டீ மேக்கரான ஆறு வருஷத்தில் முதல் தடவை.

உன் டாக்டர் கேட்டதை எழுதுகிறேன், வாயில் விடுவதை நிறுத்துவதற்கு முன் செய்து வந்தபடி. காலையில் முந்தின நாள் தேயிலை எட்டு வெள்ளைக் கோப்பைகளில் வரும். மொக்கையன் என்று ஒரு ஆள், கம்பம் பக்கத்துக்காரன், கொதிக்கிற தண்ணீர் ஊற்றி மூடி, மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைப்பான். சாறு இறங்கியதும் துரை ஒரு கரண்டி எடுத்து, வீடே அதிரும்படி உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, தகரத் தொட்டியில் துப்புவார். அதே கரண்டி அடுத்த கோப்பைக்குள் போகும். பெரிய கணக்கரும் அப்படித்தான். எல்லாருடைய எச்சிலும் எட்டுக் கோப்பையிலும்.

இந்த வேலைக்கு வரும்போது எச்சில் படாமல் செய்வேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் எனக்கென்று மூக்கு வைத்த வெள்ளிக் கெண்டி ஒன்று. அவர்கள் கரண்டி விடுவதற்கு முன்பே ஒவ்வொரு கோப்பையிலிருந்தும் கொஞ்சம் அதில் வாங்கிக்கொண்டு, அண்ணாந்து, உதட்டில் படாமல் வாய்க்குள் விடுவேன். நேராக நாக்கில் விழுந்தால் வெந்துபோகும், வெந்த நாக்கால் ருசி பார்க்க முடியாது. ஆகவே இடது கடைவாயில், கீழே, ஒரே இடத்தில் விழும்படி பழகிக்கொண்டேன். அங்கே பட்டு நாக்குக்கு வரும்போது சூடு அடங்கியிருக்கும். அடுத்த கோப்பைக்கு முன்னால் வாய் சுத்தமாக வேண்டும். பானைத் தண்ணீரை அதே மாதிரி அண்ணாந்து விட்டுக் கொப்பளிப்பேன். இந்த மாதங்களில் அந்தத் தண்ணீரில் விரல் வைக்க முடியாது. எட்டு முறை தேநீர், எட்டு முறை தண்ணீர். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

இவ்வளவுதான். இதில் கல்லும் இல்லை, பாக்கும் இல்லை. வெறும் தண்ணீர். இதை எழுதச் சொல்லி ஒரு மனிதனின் நேரத்தை வீணாக்குவதற்கு எந்தப் படிப்பு வேண்டும்?

மொக்கையன் நான் தாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டான். "தேயிலையில கொறை இல்லங்கய்யா. மத்தவக எல்லாம் உறிஞ்சுறாக. நீங்க ஒருத்தருதான் ஊத்துறீக. நோவும் ஒங்களுக்கு மட்டுந்தான் வருது" என்றான். போய் வேலையைப் பார் என்றேன். அவன் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முத்துசுவாமி

*

கல்பாத்தி
22-12-1955

உங்களுக்கு நமஸ்காரம்.

மொக்கையன் சொன்னதைத்தான் டாக்டரும் சொன்னார்.

கெண்டி வந்த இடத்தில் அவர் என்னை நிறுத்தி, மெதுவாகத் திரும்ப வாசிக்கச் சொன்னார். "எட்டு முறை தேநீர், எட்டு முறை தண்ணீர்" வந்ததும் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. எத்தனை வருஷம் என்றார். ஆறு என்றேன். போன வாரம் மன்னி எரிந்துகொண்டிருந்த விளக்கின் சிம்னியை ஈரத்துணியால் துடைத்தாள். டக்கென்று மேலிருந்து கீழ் வரை கோடு விட்டது. கொதிப்பும் குளிரும் மாறி மாறிப் பட்டால் பல்லும் கீறும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் அதை ஒரே பல்லுக்குச் செய்திருக்கிறீர்கள், காலையும் மாலையும், ஆறு வருஷம்.

கெட்டது கீழ்ப் பல். உடுமலைப்பேட்டைக்காரன் மூன்றாவதாக எடுக்க இருந்தது மேல் பல்தானே? அதையும் எடுத்திருந்தால் நான்காவதற்கும் வாயைத் திறந்திருப்பீர்கள். மாமனார் இருந்திருந்தால் அந்த வாக்கை அவரே திருப்பி வாங்கிக்கொண்டிருப்பார். அவரும் பல்வலிக்காரர்தான்.

29-ஆம் தேதி டாக்டர் இருக்கிறார். உடுமலைப்பேட்டையில் இறங்கி நிற்காமல் பொள்ளாச்சி வண்டியைப் பிடித்து நேராக வாருங்கள்.

ஞானம்

*

கல்பாத்தி
4-1-1956

உங்களுக்கு,

வீக்கம் வடிந்ததா என்று அண்ணா கேட்கச் சொன்னான்.

டாக்டர் அந்த ஊதா மருந்தைத் தடவித் துடைத்தபோது கீழ்ப் பல்லின் நடுவே மயிர் மாதிரி ஒரு கோடு நின்றதே, அதை நான் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை. பிடுங்கிப் பாத்திரத்தில் போட்டபோது பல் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு வருஷம் நம்மை ஆட்டி வைத்தது அந்த இரண்டு துண்டுதானா என்று இருந்தது. அழக்கூடத் தோன்றவில்லை.

நீங்கள் வந்தது ஒன்றரை நாள். அதில் கூடத்தில் படுத்திருந்தது பாதி. மறுநாள் கிளம்பும்போது அண்ணாவின் நோட்டில் "பொள்ளாச்சி பஸ் எத்தனை மணி?" என்று எழுதிக் காட்டினீர்கள். மன்னிக்கு "கஞ்சி போதும்" என்று எழுதினீர்கள். நான் வாசற்படி வரை வந்து நின்றேன். எனக்கு எழுதுவதற்கு ஒரு வரி இல்லை. பஞ்சு வாயில்தான் இருந்தது, கையில் இல்லை.

வா என்று எழுதியிருந்தால் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிற வரைக்கும்தான் என் வேலை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நான் நிஜமாகவே களைத்துப் போய்விட்டேன்.

ஞானம்

*

நீலமேடு
19-1-1956

ஞானத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. நேற்று முடியட்டும் என்று காத்திருந்தேன். வீடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் உனக்கு என்ன எழுதுவது?

நேற்று தரகர் வந்தார். பன்னிரண்டு கோப்பை. கெண்டியை எடுத்துப் போகவில்லை. துரை எடுத்த பிறகு அதே கோப்பையில் கரண்டியை விட்டு, உதட்டில் வைத்து, உறிஞ்சினேன். முதல் தடவை புரையேறியது. மொக்கையன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வலி இல்லை. எத்தனை சூடாக இருந்தாலும் வலி இல்லை.

ஐந்தாவது கோப்பையில் நுனி நாக்கில் தீய்ந்த வாசம் தட்டியது. என் தேயிலை, என் அடுப்பு. இத்தனை வருஷம் கடைவாயில் ஊற்றியதில் அது எனக்குத் தெரிந்ததே இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம். உலர்த்தும் அடுப்பில் சூடு அதிகம், தப்பு என்னுடையது என்று சொன்னேன். துரை மறுபடி உறிஞ்சிப் பார்த்தார். தரகரும் பார்த்தார். ஆமாம் என்றார்கள். அடுத்த வாரம் அடுப்பை மாற்றிப் போடு என்பதோடு சரி. வேலை இருக்கிறது. வீடும் இருக்கிறது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். வலி நின்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். கல்பாத்தியில் உன் முன்னால் படுத்திருந்தபோது வலி இல்லை, வெறும் பஞ்சுதான். எழுதுகோலும் கையில் இருந்தது. ஒன்றும் வரவில்லை. பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன். பல் வலித்தது ஒரு வருஷம். நமக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம். மற்ற ஒன்பது வருஷமும் நான் சாப்பிடும்போது பேசியதில்லை. அதற்குப் பல்லின் மேல் பழி போட முடியாது.

கல்யாணமான முதல் வாரம் நீ செய்த குழம்பை, அப்போது நான் டீ மேக்கர் ஆகவில்லை, தேயிலைப் படிப்பு புதிது, "இது இரண்டாம் தரம்" என்று சொன்னேன். நீ உள்ளே போய் அழுதாய். அன்றிலிருந்து சாப்பிடும்போது வாயைத் திறந்தால் தரம் போட்டுவிடுவேனோ என்று பயம். நல்லது என்று சொன்னாலும் அதுவும் ஒரு தரம்தானே என்று விட்டுவிட்டேன். பழகிப்போயிற்று. இதை உன்னிடம் எழுத எனக்குப் பத்து வருஷமும் மூன்று பல்லும் ஆகியிருக்கின்றன.

வா என்று கேட்கிறேன். வந்தால் நான் மாறியிருப்பேன் என்று எழுத எனக்குத் தைரியமில்லை.

முத்துசுவாமி

*

கல்பாத்தி
25-1-1956

உங்களுக்கு நமஸ்காரம்.

அந்தக் குழம்பு இரண்டாம் தரம்தான். புளி கூடிப்போயிருந்தது, எனக்கே தெரியும். நான் அழுதது ஊரை விட்டு வந்த முதல் வாரம் என்பதால். மறுநாள் புளியைக் குறைத்து வைத்துவிட்டு, என்ன சொல்லப் போகிறீர்கள் என்று நின்றேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எத்தனை நாள் நின்றேன் என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது.

மாறியிருப்பீர்கள் என்று எழுதியிருந்தால் வந்திருக்க மாட்டேன். மன்னி, "அப்ப எல்லாம் சரியாயிடுத்தாடீ?" என்று கேட்கிறாள். இல்லை என்றேன். "பின்னே என்னத்துக்குப் போறாய்?" என்கிறாள். நான் புடவைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை அண்ணா பொள்ளாச்சி வண்டியில் ஏற்றிவிடுகிறான். உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் பஸ். மறையூர் வந்து சேர மாலை நாலு மணி, சின்னாறு செக்போஸ்டில் சோதனை நீண்டால் ஐந்தும் ஆகும். நீங்கள் கீழே இறங்கி வந்து நிற்க வேண்டாம், எஸ்டேட் லாரியில் யாராவது ஏற்றிக்கொள்வார்கள். பசித்தால் சாப்பிட்டுவிடுங்கள்.

நிற்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன். வேறு காகிதம் இல்லை, அடித்து எழுதவும் மனமில்லை. நில்லுங்கள்.

ஞானம்